வேப்பில் ஒற்றைக் காயிலா, இரட்டைக் காயிலா? பாரிஸ் திரும்புவதற்குள் முடிவெடுக்க வேண்டும்

முத்தியால்பேட்டைக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஊர் புதுச்சேரி, முத்தியால்பேட்டை. ஒன்பது வருடமாகப் பாரிஸ் பக்கம் வேலை பார்க்கிறேன். அப்பாவுக்கு இடுப்பு எலும்பு அறுவை சிகிச்சை, அதனால் இரண்டு மாத விடுப்பில் வீட்டுக்கு வந்திருக்கிறேன். இன்னும் ஐந்து வாரத்தில் திரும்ப வேண்டும்.

விஷயம் இதுதான். அங்கே ஒரு நாளைக்கு 18, 20 சிகரெட் ஊதிக்கொண்டிருந்தவன், மூன்று வருடத்துக்கு முன்னால் வேப்புக்கு, அதாவது நிகோடின் லிக்விடைச் சூடாக்கி ஆவியாக இழுக்கும் மின் சிகரெட்டுக்கு, மாறினேன். சின்ன பாட் மெஷின், லிக்விடைச் சூடாக்கும் கம்பிச் சுருள், அதாவது காயில், ரெடிமேட், மின்தடை 1 ஓம், லிக்விடில் ஒரு மி.லி.க்கு 12 மி.கி. நிகோடின். அதற்கப்புறம் சிகரெட்டைத் தொடவே இல்லை. இங்கே தடை என்பதால் மெஷினை அங்கேயே மேசை டிராயரில் வைத்துவிட்டு வந்தேன். வந்த நான்காம் நாள், ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில் சில்லறையாக ஒரு சிகரெட் வாங்கினேன். இப்போது நாளுக்கு ஏழெட்டு ஆகிவிட்டது. அம்மாவுக்குத் தெரியாமல் வைத்திக்குப்பம் கடற்கரைப் பக்கம் நடந்துபோய் ஊதிவிட்டு வருகிறேன். எனக்கே இது பிடிக்கவில்லை.

திரும்பியதும் முதல் வேலையாக, நானே காயில் சுற்றிப் போடுகிற டேங்க் (லிக்விட் ஊற்றும் பகுதி) வாங்கலாம் என்று இருக்கிறேன். ரெடிமேட் காயிலுக்கு மாதம் 15 யூரோ போகிறது, அதுவும் சில காயில் நான்கு நாளில் கருகிப்போகிறது. அறையில் கூட இருக்கும் நண்பன், வாங்கினால் இரட்டைக் காயில்தான் வாங்க வேண்டும், சுவையும் புகையும் அதில்தான் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். அவனுடையதை ஒருமுறை வாங்கி, என்னுடைய லிக்விடை ஊற்றி நாலு இழுப்பு இழுத்துப் பார்த்தேன். ஐந்து நிமிடத்தில் தலை சுற்றி, உள்ளங்கை எல்லாம் வியர்த்து, வாந்தி வராத குறை. அப்படியே கட்டிலில் படுத்துவிட்டேன். அதே லிக்விட், அதே 12 மி.கி. பிறகு ஏன் அப்படி ஆயிற்று என்று இன்றுவரை புரியவில்லை.

காயில் ஒன்றுக்கு இரண்டு ஆனால் உண்மையில் என்னதான் மாறுகிறது? பேட்டரி தாங்குமா? புதிதாகச் சுற்றிப் பழகுகிறவனுக்கு எது சரி? இதெல்லாம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள். இன்னொன்று, சித்தப்பா மகன் அடுத்த முறை வரும்போது அவனுக்கும் ஒன்று வாங்கி வரச் சொல்கிறான். கொண்டுவரலாமா?


கடலூர் காயில் கடை:

தம்பி, நான் கடலூர் ஓ.டி.யில் (ஓல்டு டவுன்) மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன் ஷார்ஜாவில் ஏழு வருடம். அங்கே 2019-ல் வேப் விற்பனையைச் சட்டப்படி அனுமதித்த பிறகு நானும் சிகரெட்டை விட்டு இதற்கு மாறினேன். ஒற்றை, இரட்டை இரண்டையும் வருடக்கணக்கில் கட்டிப் பார்த்தவன். ஊருக்கு வந்ததோடு எல்லாவற்றையும் விட்டாயிற்று. ஆனால் காயில் என்று யாராவது கேட்டால் என்னால் சும்மா இருக்க முடியாது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. இரட்டை என்றால் இரண்டு காயிலும் பேரலலில் நிற்கிறது, கரண்ட் இரண்டு வழியாகப் பிரிந்து ஓடும். அதாவது ஓம் பாதியாகிவிடும். காந்தல் என்கிற சூடேறும் கம்பியை 26 கேஜ் தடிமனில் எடுத்து, 3 மி.மீ. டிரில் பிட்டின் மேல் ஆறு சுற்று சுற்றினால், கால்களையும் சேர்த்துக் கிட்டத்தட்ட 0.8 ஓம் வரும். அதே மாதிரி இரண்டு போட்டால் 0.4. முழு சார்ஜில் இருக்கும் பேட்டரி 4.2 வோல்ட், அதை நேராகக் கொடுத்தால் ஒற்றை 5 ஆம்பியர் சொச்சம் இழுக்கும், இரட்டை பத்தரை ஆம்பியர் இழுக்கும். இப்போது வரும் மெஷின்களில் வாட்டை நாமே வைத்துக்கொள்ளலாம் என்பதால் ஓம் மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அடிப்படை மாறாது. ஒரே சிலிண்டரில் ஒரு அடுப்பு எரிவதற்கும் இரண்டு அடுப்பு எரிவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. இரண்டிலும் அதே அளவு தீ வேண்டும் என்றால் கேஸ் இரண்டு மடங்கு போகும். நான் சொன்ன ஒற்றைக் காயில் 18 வாட்டில் இதமாக வேலை செய்யும் என்றால், அதன் ஜோடிக்கு 36 வாட் கொடுத்தால்தான் அதே சூடு வரும். 18-லேயே விட்டால் இரண்டும் வெதுவெதுப்பாக நின்று, லிக்விட் வாயில் துப்பும்.

அந்த இரண்டு மடங்கு எங்கெல்லாம் போய் விழுகிறது என்று பாருங்கள்.

பேட்டரி. 18650 என்கிற உருளைப் பேட்டரி ஒன்று, 2500 மில்லி ஆம்பியர் ஹவர் என்றால் மொத்தம் 9 வாட் ஹவர்தான். மூன்று விநாடி இழுப்பு என்று வைத்துக்கொண்டால், 18 வாட்டில் ஐந்நூறு இழுப்பு சுமாராக வரும், 40 வாட்டில் 250-ஐத் தாண்டாது. அதனால்தான் இரட்டைக் காயில்காரர்கள் இரண்டு பேட்டரி போடும் கனமான மெஷினைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள்.

லிக்விட். எனக்கு ஒற்றையில் ஒரு நாளைக்கு 4 மி.லி. போனது, இரட்டைக்கு மாறின மாதம் 11 மி.லி. நீங்கள் இருப்பது ஐரோப்பா, அங்கே சட்டப்படி டேங்க் 2 மி.லி.க்கு மேல் இருக்கக் கூடாது, நிகோடின் லிக்விட் பாட்டிலும் 10 மி.லி.தான். இரட்டைக் காயிலோடு 2 மி.லி. டேங்க் என்றால் நாளைக்கு ஐந்தாறு முறை மூடியைத் திறந்து ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

இப்போது உங்கள் தலைசுற்றல். நிகோடின் அளவு லிக்விடில் ஒன்றுதான், ஆனால் ஒரு இழுப்பில் ஆவியாகும் லிக்விட் ஒன்று இல்லை. என் கணக்கையே எடுங்கள். ஒற்றையில் 4 மி.லி., 12 மி.கி. வீதம் 48 மி.கி. நிகோடின் டேங்கை விட்டுப் போகிறது. இரட்டையில் 11 மி.லி., அதே 12 என்றால் 132 மி.கி. அவ்வளவும் உடம்பில் சேராது, ஆனால் விகிதம் அதுதான். போதாக்குறைக்கு, உங்கள் பாட் மெஷினில் சிகரெட் மாதிரி வாயில் தேக்கி அப்புறம் உள்ளே இழுத்திருப்பீர்கள், நண்பருடைய டேங்கில் காற்று வழி அகலம், நேராக நெஞ்சுக்குப் போயிருக்கும். அதனால்தான் இரட்டை வைத்திருப்பவர்கள் 3 மி.கி.க்கு இறங்கிவிடுகிறார்கள். உங்கள் நண்பர் பாட்டிலைப் பாருங்கள், 3 அல்லது அதற்கும் கீழே இருக்கும். நாலு இழுப்போடு நிறுத்தினீர்களே, அதுவே நல்லது.

கட்டுகிற வேலையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஒற்றைக் காயில் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் ஓடிவிடும். இரட்டையில் இரண்டும் இரட்டைப் பிள்ளை மாதிரி இருக்க வேண்டும், சுற்று எண்ணிக்கை மட்டுமில்லை, கால் நீளம், திருகு இறுக்கம், காற்றுத் துளையிலிருந்து உயரம், எல்லாமே. ஷார்ஜாவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, லிக்விடை உறிஞ்சிக் காயிலுக்குக் கொடுக்கும் பஞ்சைப் போடாமல் பட்டனை விட்டு விட்டு அழுத்திப் பார்ப்பேன். சரியாகக் கட்டியிருந்தால் இரண்டும் நடுவிலிருந்து ஒரே நேரத்தில் சிவந்து ஓரத்துக்குப் பரவும். ஒரு நாள் இடது பக்கம் செக்கச்செவேலென்று ஆனபிறகுதான் வலது பக்கம் லேசாகச் செம்மை தட்டியது. கழற்றிப் பார்த்தால் வலது காயிலின் ஒரு கால் நீளம் கூடுதல், அவ்வளவுதான். அப்படியே பஞ்சு போட்டு இழுத்திருந்தால் இடது பஞ்சு காய்ந்து கருகும், வலது பஞ்சு ஊறி வழியும். ஒரு கணம் அடிப்பிடித்த பால் மாதிரி ஒரு வாடை நெஞ்சில் இறங்கும், பிறகு அரை மணி நேரம் தொண்டையில் எதையும் வைக்க முடியாது.

முதல் தடவை சுற்றுகிறவருக்கு ஒற்றைதான். சிகரெட்டிலிருந்து வந்தவர், சிகரெட் மாதிரியே இழுக்கிறவர் என்றால் சந்தேகமே வேண்டாம். சுவை இரட்டையில்தான் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். காயிலுக்கு நேர் கீழே காற்றுத் துளை, மேலே குறுகலான மூடி, இது அமைந்த ஒற்றை டேங்கில் சுவை கெட்டியாக இறங்கும். ஒன்று மட்டும் கவனம், இரட்டைக்கென்று செய்த டெக்கை (காயிலைத் திருகிப் பொருத்தும் அடித்தட்டை) வாங்கி அதில் ஒரு காயில் மட்டும் போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். காலியான பக்கத்துத் துளை வழியாக வெறும் காற்று வந்து கலந்து சுவையை நீர்த்துப்போகச் செய்யும். அந்தத் துளையை அடைக்கத் தனி அடைப்பான் கொடுத்திருந்தால் பரவாயில்லை.


உப்பளம் லியோன்:

காயில் கடை அண்ணனுக்கு வணக்கம். கணக்கு எல்லாம் சரி, ஆனால் முடிவில் எனக்கு உடன்பாடில்லை. நான் உப்பளத்தில் பிறந்தவன், லியோனில் பதினோரு வருடம். இரட்டைக் காயில்தான் என்னைச் சிகரெட்டிலிருந்து காப்பாற்றியது.

காரணம் இது. சிகரெட் மாதிரியே இழுக்கிற சின்ன மெஷின் இரண்டு வாங்கினேன், இரண்டு முறையும் ஒரே மாதத்தில் சிகரெட்டுக்குத் திரும்பிவிட்டேன். வாயில் அதே இறுக்கம், அதே பழக்கம், ஒரு காபி குடித்ததும் கை தானாகப் பாக்கெட்டைத் தேடும். இரட்டைக் காயிலில் 3 மி.கி. ஊற்றி, காற்று வழியை முழுசாகத் திறந்து, நெஞ்சு நிறைய இதமான ஆவியாக இழுத்த பிறகு, சிகரெட் வேறு உலகத்துப் பொருளாகிவிட்டது. 2019 மார்ச்சிலிருந்து இன்றுவரை ஒன்று கூட இல்லை. ஒரு பாக்கெட் 12 யூரோவுக்கு மேல் விற்கிற நாட்டில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கே தெரியும்.

சூட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இரட்டையில் மொத்த வாட் அதிகம் என்றாலும் அது இரண்டு காயிலுக்குப் பிரிகிறது. அதே 40 வாட்டை மெல்லிய ஒற்றைக் கம்பியில் கொடுத்துப் பாருங்கள், பஞ்சு ஒரே நாளில் பழுப்பேறிவிடும். நிறைய ஆவி வேண்டும், ஆனால் கொதிக்கக் கூடாது என்பவருக்கு இரட்டை நல்லது. கெட்டியான லிக்விட், கிளிசரின் 70 சதவீதம், நன்றாக ஓடும். அதே லிக்விட் சின்ன ஒற்றை டேங்கில் பஞ்சு வழியாக ஏறத் திணறும், அங்கே கிளிசரின் பாதி மட்டும் உள்ள மெல்லிய கலவைதான் சரிப்படும்.

ஆனால் முத்தியால்பேட்டைக்காரரே, ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். இப்போது நானே பெரும்பாலும் ஒற்றைதான் போடுகிறேன். மெல்லிய கம்பியை இரண்டு தடிக் கம்பியின் மேல் நெருக்கிச் சுற்றிய ஃபியூஸ்டு கிளாப்டன் கம்பி கிடைக்கிறது. அதில் ஒரு காயில் போட்டாலே, சாதாரணக் கம்பி இரண்டு காயிலுக்கு உண்டான மேற்பரப்பு கிடைத்துவிடுகிறது. அதாவது லிக்விட் படுகிற உலோகப் பரப்பு எவ்வளவு என்பதுதான் கேள்வி, காயில் எத்தனை என்பது இரண்டாவது. என்ன, அந்தக் கம்பி தடிமன் என்பதால் பட்டனை அழுத்தி ஒரு விநாடி கழித்துத்தான் சூடு பிடிக்கும், பேட்டரியும் கேட்கும். முதலில் நீங்கள் எப்படி இழுப்பவர் என்று முடிவு செய்யுங்கள், வாயில் தேக்கியா, நேராக நெஞ்சுக்கா. அது தெரிந்தால் காயில் கேள்விக்குப் பதில் தானாக வரும்.

அப்புறம் ஒருமுறை போட்டு எறியும் பஃப் எதையும் இடையில் வாங்கிவிடாதீர்கள், 2025 பிப்ரவரியில் பிரான்ஸ் சட்டம் போட்டு அதைத் தடை செய்துவிட்டது. கள்ளத்தனமாக விற்கிறவனிடம் வாங்கினால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.


கடலூர் காயில் கடை:

லியோன் தம்பி சொல்வது நியாயம். மேற்பரப்புதான் விஷயம், நான் அதைச் சூடு என்று சொல்லிக்கொண்டு போய்விட்டேன். நெஞ்சுக்கு நேராக இழுப்பவர் என்றால் 3 மி.கி.யோடு பெரிய காயில், அதை மறுக்கவில்லை. ஆனால் அதற்கும் ஒற்றைக் கிளாப்டனிலிருந்து தொடங்கட்டும், இரட்டைக்கு அவசரம் என்ன.

இன்னொரு விஷயம் விட்டுப்போயிற்று, பேட்டரி. மேலே சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறை ஒரு இடத்தில் கிழிந்திருந்தாலும் அந்தப் பேட்டரியை மெஷினில் போடாதீர்கள். உறைக்கு உள்ளே உடம்பு முழுக்க மைனஸ், மேலே பொத்தான் மட்டும்தான் பிளஸ். சாவிக்கொத்தோடு, சில்லறைக் காசோடு பாக்கெட்டில் உதிரிப் பேட்டரி போடுவது அதைவிட மோசம். எங்கள் கடைக்குப் பக்கத்தில் மொபைல் சர்வீஸ் பையன் ஒருவன் அப்படிப் போட்டுத் தொடையில் தீக்காயத்தோடு வந்து நின்றான். ஐந்து ரூபாய் பிளாஸ்டிக் டப்பா இருந்தால் போதும், அந்த ஆபத்து இல்லை.


பாரதி பூங்கா டிராவல்ஸ்:

காயில் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. சித்தப்பா மகனுக்குக் கொண்டுவருவது பற்றிக் கேட்டீர்களே, அதற்கு மட்டும் பதில். கொண்டுவராதீர்கள்.

2019 செப்டம்பர் 18-ல் மத்திய அரசு அவசரச் சட்டம் போட்டது, அந்த டிசம்பரிலேயே அது நாடாளுமன்றச் சட்டமாகிவிட்டது. உற்பத்தி, இறக்குமதி, ஏற்றுமதி, கொண்டுசெல்வது, விற்பனை, விநியோகம், விளம்பரம் எல்லாம் தடை. நிகோடின் இல்லாத லிக்விட் என்று சொல்லியும் தப்பிக்க முடியாது, நிகோடின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சூடாக்கி ஆவியை இழுக்க வைக்கும் கருவி என்றாலே அந்தச் சட்டத்துக்குள் வந்துவிடும். முதல் முறை பிடிபட்டால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடியும் என்றால் மூன்று வருடம் வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். இருப்பு வைத்திருந்தாலும் ஆறு மாதம் வரை, 50 ஆயிரம் வரை என்று தனியாக இருக்கிறது.

சென்னை விமான நிலையத்தில் ஒரு பெட்டிக்குள் ஒன்றுதானே என்று நினைத்துக் கொண்டுவந்து, பறிகொடுத்துவிட்டு எங்கள் அலுவலகத்தில் வந்து புலம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். மெஷினை அங்கேயே வைத்துவிட்டு வந்தீர்களே, அதுதான் சரி. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கிடைக்கிறது, அங்கே கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். உங்களுக்கு வெளிநாட்டு வேலை, விசா எல்லாம் இருக்கிறது, ஒரு வழக்கு விழுந்தால் அதோடு போராட வேண்டும்.


வில்லியனூர் செவிலி:

தம்பி, எல்லோரும் ஐந்து வாரம் கழித்து என்ன வாங்குவது என்று பேசுகிறீர்கள். இந்த ஐந்து வாரத்துக்கு என்ன வழி? ஏழெட்டு சிகரெட் என்கிறீர்கள், அது ஐந்து வாரத்தில் பதினைந்து ஆகிவிடும். அப்பாவுக்கு இடுப்பு அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது, அவர் பக்கத்தில் உட்கார்ந்து நடக்கப் பழக்க வேண்டிய நேரம். சிகரெட் வாடையோடு போய் அவர் கையைப் பிடிக்காதீர்கள்.

மருந்துக் கடையில் நிகோடின் சூயிங்கம் 2 மி.கி. சீட்டு இல்லாமலே கிடைக்கும். 4 மி.கி.க்கு மருத்துவர் சீட்டு வேண்டும். இதில் நிறையப் பேர் செய்கிற தப்பு, சாதாரணப் பபிள்கம் மாதிரி மென்றுகொண்டே இருப்பது. அப்படி மென்றால் எச்சிலோடு நிகோடின் வயிற்றுக்குள் போய் விக்கலும் குமட்டலும்தான் வரும். மெதுவாக நாலைந்து முறை மெல்லுங்கள், நாக்கில் மிளகு பட்டது போலச் சுருக்கென்றதும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வையுங்கள். சுருக்கு அடங்கியதும் மறுபடி மெல்லுங்கள், இந்த முறை வேறு பக்கம் ஒதுக்குங்கள். ஒரு கம் அரை மணி நேரம் வரும். காபி, எலுமிச்சை ஜூஸ் குடித்துக் கால் மணி நேரத்துக்குள் போட்டால் சரியாக வேலை செய்யாது. டீக்கடைக்குப் போகிற நேரம்தான் உங்களுக்குக் கஷ்டமான நேரம், அதனால் போவதற்கு முன்னால் வேண்டாம், டீ குடித்துவிட்டு வந்து கால் மணி கழித்துப் போடுங்கள். பேச யாராவது வேண்டும் என்றால் அரசின் இலவச எண் 1800-11-2356 இருக்கிறது.

வேப்பில் கெடுதலே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். நுரையீரலுக்குக் காற்றைத் தவிர வேறெதுவும் தேவையில்லை. அங்கே போனபிறகு வேப் என்றால் அது உங்கள் முடிவு, ஆனால் நிகோடினைப் படிப்படியாக இறக்குகிற கணக்கோடு ஆரம்பியுங்கள். 12-லிருந்து 9, 9-லிருந்து 6. அந்தக் கணக்கில் பார்த்தாலும் நிறைய லிக்விட் குடிக்கிற மெஷின் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.


முத்தியால்பேட்டைக்காரன்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அக்கா, நேற்றே கம் வாங்கிவிட்டேன். முதல் இரண்டை நீங்கள் சொன்ன மாதிரியே தப்பாக மென்று விக்கல் எடுத்தது, மூன்றாவதிலிருந்து சரியாகிவிட்டது. நேற்று மூன்று சிகரெட், இன்று இதுவரை ஒன்று.

பூங்கா சார், தம்பியிடம் சொல்லிவிட்டேன், கொண்டுவர மாட்டேன்.

தலைசுற்றல் விஷயம் இப்போதுதான் புரிந்தது. நண்பனிடம் கேட்டேன், அவன் பாட்டில் 3 மி.கி.தான். அதைப் பார்க்கவே தோன்றவில்லை எனக்கு. நான் வாயில் தேக்கி இழுப்பவன், அதில் மாற்றம் இல்லை, அதனால் ஒற்றை பக்கம் மனது சாய்கிறது. இருந்தாலும் ஒரு ஆசை, இரண்டு காயிலை ஒரே மாதிரி சுற்றுவது அவ்வளவு கஷ்டமா, கொஞ்சம் பழகினால் வந்துவிடாதா? காயில் கடை அண்ணா, என்ன சொல்கிறீர்கள்?


கடலூர் காயில் கடை:

வாயில் சொல்லி என்ன, கையில் பார்த்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை பேருந்து ஏறி வாருங்கள். ஓ.டி. வந்ததும் இங்கேயே தனிச் செய்தி போடுங்கள், கடை திறந்துதான் இருக்கும். இறால் குட்டைக்காரர்கள் ஏரேட்டர் மோட்டார் மூன்று கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள், நானும் வேலையில்தான் இருப்பேன். அயர்ன் பாக்ஸ், ஹீட்டருக்குப் போடுகிற நிக்ரோம் கம்பி இருக்கிறது, 3 மி.மீ. டிரில் பிட் இருக்கிறது, மில்லி ஓம் மீட்டர் இருக்கிறது. கை எப்படி வருகிறது என்று பார்க்க மட்டும்தான், வேறு ஒன்றுக்கும் இல்லை.


முத்தியால்பேட்டைக்காரன்:

போய்விட்டு வந்து எழுதுகிறேன். அண்ணன் கடையில் பலகை மேல் டிரில் பிட்டைப் பிடித்துக்கொண்டு ஆறு காயில் சுற்றினேன், ஒவ்வொன்றும் ஆறு சுற்று, கால் நீளம் அளவுகோல் வைத்து வெட்டியது. மீட்டரில் வந்தது இப்படி: 0.49, 0.53, 0.50, 0.57, 0.46, 0.50. ஆறில் இரண்டுதான் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனது. 0.57 வந்ததில் ஒரு அரைச் சுற்று அதிகம் என்று அண்ணன் எண்ணிக் காட்டினார், என் கண்ணுக்கு அது தெரியவே இல்லை. அவர் மோட்டாரில் செம்புக் கம்பி சுற்றுகிற வேகத்தில், என்னோடு பேசிக்கொண்டே மூன்று சுற்றிப் போட்டார், மூன்றும் 0.50, 0.50, 0.51.

ஒற்றை டேங்க்தான் வாங்கப் போகிறேன். 9 மி.கி.யில் ஆரம்பித்து, கோடைக்குள் 6. அக்கா, ஐந்து நாளாகச் சிகரெட் இல்லை. அப்பா நேற்று வாக்கர் பிடித்துத் தெருமுனை வரை நடந்தார், நான் கூடவே போனேன்.


கடலூர் காயில் கடை:

நல்லது தம்பி. கை வரும், முப்பது நாற்பது காயில் சுற்று, தானாக வரும்.

நீ கிளம்பின பிறகுதான் ஒன்று ஞாபகம் வந்தது. என் கடையில் இருப்பது எஸ்.டபிள்யூ.ஜி. என்கிற பிரிட்டிஷ் கேஜ், 26 என்றால் 0.46 மி.மீ. தடிமன். வேப் கம்பி ஏ.டபிள்யூ.ஜி. என்கிற அமெரிக்க கேஜில் வரும், அதில் 26 என்றால் 0.40 மி.மீ. எண் ஒன்று, கம்பி வேறு. நீ சுற்றின நிக்ரோமுக்கு ஓம் இன்னும் குறைவு, ஆனால் காந்தலிலேயே அதே ஆறு சுற்றுக்கு நம்ம ஊர் 26-ல் 0.65 ஓம் வரும், அவர்கள் 26-ல் 0.8 வரும். அதனால் அங்கே வாங்கும்போது கேஜ் எண்ணை மட்டும் பார்க்காதே, சுருளின் மேல் மி.மீ. போட்டிருக்கும், 0.40 என்று இருக்கிறதா பார்த்து வாங்கு.